காற்று அயனியாக்கமும் காற்றில் மிதக்கும் நுண்ணுயிரிகளும்: ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

அயனியாக்கிக் கருவி கிருமியைக் கொல்லுமா என்ற கேள்விக்கு ஆய்வகங்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடி வருகின்றன. கொல்லும் என்று சொல்லும் கட்டுரையும் உண்டு. கொல்லாது என்று சொல்லும் கட்டுரையும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்குத் தலை சுற்றும். அயனியாக்கம் என்ற ஒரே பெயரின்கீழ் மூன்று நான்கு வெவ்வேறு செயல்கள் நடப்பதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். மின்னூட்டம் ஏறுகிறது, மின்புலம் உருவாகிறது, ஓசோன் பிறக்கிறது, தூசியும் துளியும் சுவரில் போய்ப் படிகின்றன. இவற்றில் எது நுண்ணுயிரியின் எண்ணிக்கையைக் குறைத்தது என்று பிரித்துப் பார்க்காத ஆய்வு எதையும் நிறுவுவதில்லை.

மனிதர் புழங்கும் அறையில் அயனிகள் செய்யும் முதன்மையான வேலை நுண்ணுயிரிகளைக் காற்றிலிருந்து விலக்கிப் பரப்புகளில் சேர்ப்பதே என்பது இக்கட்டுரையின் வாதம். ஆய்வகத்தில் பதிவான கொலையில் பெரும்பங்கு ஓசோனுக்கு உரியது. விலக்கும் வேலைகூட அயனிச் செறிவு மிக உயர்ந்த இடத்தில்தான் கணக்கில் கொள்ளத்தக்க அளவில் நடக்கிறது. எதிர் மின்னூட்டம் கொண்ட அயனிகள் மனத்துக்கு உற்சாகம் தரும், தூக்கத்தைச் சீராக்கும் என்பன போன்ற உரிமைகோரல்களுக்குள் இக்கட்டுரை நுழையவில்லை. அவை தனி வழக்கு.

2. அயனியின் பிறப்பும் ஆயுளும்

காற்று எங்கும் ஓரளவு அயனியாகியே இருக்கிறது. நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயு, மண்ணிலும் பாறையிலும் உள்ள கதிரியக்கத் தனிமங்கள், வானிலிருந்து பொழியும் அண்டக் கதிர்கள் ஆகியவை காற்று மூலக்கூறுகளிலிருந்து எலெக்ட்ரான்களை ஓயாமல் பிய்த்தெடுக்கின்றன. 1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கும் மேலே ஏறி, உயரம் கூடக்கூட அயனியாக்கமும் கூடுவதை அளந்தார். அண்டக் கதிர்கள் உலகுக்குத் தெரிய வந்தது அந்தப் பயணத்தில்தான். அருவியடியில் நீர் சிதறும்போது காற்றில் எதிர் மின்னூட்டம் மிகுவதை அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1892இல், பிலிப் லெனார்டு ஆராய்ந்து எழுதியிருந்தார். திறந்தவெளி நிலப்பரப்பில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் சில நூறு முதல் ஆயிரம் வரை சிறு அயனிகள் இருப்பது இயல்பு. அருவியருகே இது பல மடங்கு உயரும்.

கருவி இந்த வேலையை ஊசிமுனையில் செய்கிறது. கூரிய உலோக ஊசிக்கோ கரியிழைத் தூரிகைக்கோ சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் முனையைச் சுற்றி மின்புலம் கடுமையாகி, அங்குள்ள காற்று மின்னிறக்கம் அடைகிறது. இதற்குக் கொரோனா மின்னிறக்கம் என்று பெயர். கொரோனா வைரஸுக்கும் இதற்கும் உறவில்லை. எதிர் மின்னழுத்தம் கொடுத்த ஊசியிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான் ஆக்சிஜன் மூலக்கூறில் ஒட்டிக்கொள்கிறது. அதைச் சுற்றிச் சில நீர் மூலக்கூறுகள் திரள்கின்றன. அந்தச் சிறு திரள்தான் எதிரயனி. நேர் மின்னழுத்தத்தில் பிறப்பது நேரயனி.

இந்த அயனி நீண்ட நாள் வாழ்வதில்லை. தூய காற்றில் ஒன்றிரண்டு நிமிடம். தூசியும் புகையும் நிறைந்த அறையில் அதைவிடக் குறைவு. ஒன்று, எதிர்க்குறி அயனியோடு சேர்ந்து நடுநிலையாகிவிடும். அல்லது தூசியில் ஒட்டும். அல்லது சுவரைத் தொட்டு மின்னூட்டத்தை இழக்கும். ஆகவே ஊசிமுனையருகே கோடிக்கணக்கில் இருப்பது, அறையின் மறுமூலையில் ஆயிரங்களாகச் சுருங்கிவிடலாம். கருவியின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணிக்கை எங்கே அளந்தது என்று கேட்காமல் அதை நம்புவதற்கில்லை.

3. காற்றில் மிதக்கும் நுண்ணுயிரி

பாக்டீரியா காற்றில் தனித்துப் பறப்பது அரிது. காசநோய்க் கிருமி, நோயாளி இருமும்போது வெளிவரும் துளியில் ஏறி வருகிறது. துளியின் நீர் நொடிப்பொழுதில் ஆவியாகிவிட, 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள காய்ந்த துளியெச்சம் மிஞ்சி மணிக்கணக்கில் மிதக்கிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் பெரும்பாலும் நம் உடலிலிருந்து உதிரும் தோற்செதிள்களில் ஒட்டியிருக்கும். செதிள் பத்து மைக்ரானுக்கும் மேலே போகலாம் என்பதால் சில நிமிடங்களிலேயே தரைக்கு வந்துவிடும். பூஞ்சை வித்துகள் பல 2, 3 மைக்ரான் அளவில் இருப்பவை. தடித்த உறை போர்த்தவை. எதற்கும் எளிதில் அசையாதவை. வைரஸ் மிகச் சிறியதானாலும் அதுவும் எச்சிலும் சளியும் உலர்ந்த துகளுக்குள் பொதிந்துதான் வருகிறது.

இத்துகள்கள் ஏற்கெனவே மின்னூட்டத்தோடு வருகின்றன என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்தில் மிதக்கும் பாக்டீரியாக்களின் மின்னூட்டத்தை ஒவ்வொன்றாக அளந்தபோது, தெளிக்கப்பட்ட சூடோமோனாஸ் செல்கள் சில, ஆயிரக்கணக்கான எலெக்ட்ரான்களுக்கு நிகரான மின்னூட்டம் சுமந்திருந்தன. உயிரற்ற துகள்களைவிட இது மிக அதிகம். நீரிலிருந்து புதிதாகத் தெளித்த கிருமியை வைத்துச் செய்யும் சோதனை, மருத்துவமனைக் காற்றில் நெடுநேரம் மிதந்து மின்னூட்டம் தணிந்த கிருமிக்கு அப்படியே பொருந்தாது.

4. கொல்லும் வழிகள்

4.1 தொடக்கக்கால ஆய்வுகள்

சோவியத் ஒன்றியத்தில் அலெக்சாண்டர் சிஷெவ்ஸ்கி 1930களில் கோழிகளையும் பிற விலங்குகளையும் அயனியேறிய காற்றில் வைத்துப் பெரும் ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்தினார். அவர் பெயரில் வழங்கும் சரவிளக்கு வடிவ அயனியாக்கி இன்றும் ரஷ்ய வீடுகளில் தொங்குகிறது. நுண்ணுயிரியல் முறையோடு இதை அணுகியவர் பெர்க்லியிலிருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் க்ரூகர். 1957இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கலந்த சிறு நீர்த்துளிகளை அயனிகளுக்கு ஆட்படுத்தினர். சில நிலைமைகளில் அயனி கிருமியைக் காத்தது, சிலவற்றில் கொன்றது. ஒரே அயனிக்கு இரண்டு முகம் என்ற இந்த முடிவு பின்னாளில் விளம்பர வாசகங்களில் பாதியாக மட்டுமே இடம்பெற்றது. எந்தப் பாதி என்று சொல்ல வேண்டியதில்லை.

1964இல் ஃபிலிப்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் செராட்டியா மார்செசென்ஸ் பாக்டீரியாவைக் காற்றில் மிதக்கவிட்டுச் சோதித்தனர். அவர்கள் செய்த நல்ல காரியம், காற்றிலிருந்து துகள் வெறுமனே விலகியதையும் மிதக்கும்போதே கிருமி செத்ததையும் தனித்தனியே கணக்கிட்டது. நேரயனி விலகலை மட்டும் விரைவுபடுத்தியது. எதிரயனி விலகலையும் சாவையும் விரைவுபடுத்தியது. எதிரயனிக்கு ஏன் இந்தக் கூடுதல் ஆற்றல்? 1979இல் க்ரூகரின் குழு நேச்சர் இதழில் ஒரு விடை தந்தது. எதிரயனியின் கருவாக இருப்பது, எலெக்ட்ரான் ஒட்டிய ஆக்சிஜன் மூலக்கூறான சூப்பராக்சைடு. அதைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தபோது ஸ்டாஃபிலோகாக்கஸ் பிழைத்துக்கொண்டது.

4.2 மைக்காத் தகடும் கம்பிவலையும்

இத்தனைக்குப் பிறகும் ஒரு சந்தேகம் நின்றது. ஊசிமுனையில் ஆக்சிஜன் மூலக்கூறு உடைந்தால் ஓசோனும் பிறக்கும். ஓசோன் பழுத்த கிருமிக்கொல்லி. குடிநீரைத் தூய்மையாக்க ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்படுவது. கிருமியைக் கொன்றது அயனியா, கூடவே வந்த ஓசோனா?

லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு 2007இல் வெளியிட்ட சோதனை இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. கிருமி வளர்க்கும் அகார் தட்டுகளில் பலவகைப் பாக்டீரியாக்களைப் பரப்பி, மேலே அயனியாக்கியை இயக்கினார்கள். கிருமி செத்தது. அடுத்த முறை, தட்டின்மேல் மெல்லிய மைக்காத் தகடு ஒன்றை மூடினார்கள். மைக்காவை ஊடுருவி மின்புலம் போகும். அயனியோ ஓசோனோ போக முடியாது. இப்போது சாகிற கிருமி மின்புலத்தால் மட்டுமே சாக வேண்டும். மூன்றாவது முறை, மைக்காவை எடுத்துவிட்டு, தரையோடு மின்தொடர்பு கொடுத்த கம்பிவலையைத் தட்டின்மேல் வைத்தார்கள். வலை, மின்புலத்தைத் தடுக்கும். வரும் அயனிகளையும் பிடித்துத் தரைக்கு அனுப்பிவிடும். கண்ணிகளின் வழியே ஓசோன் மட்டும் இறங்கும். இப்போது சாகிற கிருமி ஓசோனால் சாகிறது.

முடிவு தெளிவாக வந்தது. சோதித்த பாக்டீரியாக்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதன்மையாகக் கொன்றது ஓசோன். மின்புலம் செல்லுறையில் துளையிடும் விளைவு இரண்டாம் இடத்தில் நின்றது. விதிவிலக்கு மைக்கோபாக்டீரியம் பாராஃபார்ச்சூயிட்டம், காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவு. மெழுகு படிந்த தடித்த செல்லுறை கொண்ட அதை ஓசோனைவிட மின்புலமே அதிகம் பாதித்தது.

இதற்கு எதிர்வழக்கும் உண்டு. நொய்ஸ், ஹியூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் ஆக்சிஜனே இல்லாத நைட்ரஜன் வாயுவில் அயனிகளை உண்டாக்கி ஈ.கோலை பாக்டீரியாவைச் சோதித்தார்கள். ஓசோனுக்கு வழியில்லாத அந்தச் சூழலிலும் கிருமி குறைந்தது. ஆகவே அயனிக்கும் மின்புலத்துக்கும் சொந்தமாகக் கொல்லும் ஆற்றல் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு சோதனைகளிலும் கிருமி ஊசிக்கு வெகு அருகில், அசையாமல் கிடந்தது. வகுப்பறையின் காற்றில் அலைந்து திரியும் கிருமிக்கு அந்த அளவு மின்புலமும் அயனிப்பாய்வும் கிடைப்பதே இல்லை.

5. விலக்கும் வேலை: ஒரு கணக்கு

கொல்வதை விட்டு விலக்குவதற்கு வருவோம். பழைய பெரிய டிவித் திரையில் தூசி அப்பியதைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை தெரிந்ததே. மின்னூட்டம் பெற்ற துகள் ஏதாவதொரு பரப்பைத் தேடிப் போகும். எவ்வளவு வேகமாகப் போகும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காற்றுத்துகள் இயற்பியலின் பாடநூல் வாய்பாடுகளைக் கொண்டே இதைத் தோராயமாகக் கணக்கிடலாம்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் கொண்ட அறையை எடுத்துக்கொள்வோம். அதில் மிதப்பது நீரின் அடர்த்தி கொண்ட 1 மைக்ரான் துகள். அசையாத காற்றில் அது நொடிக்கு 0.035 மில்லிமீட்டர் இறங்கும். கூரையிலிருந்து தரைக்கு வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இப்போது அறை முழுவதும் கன சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் எதிரயனிகள் நிறைந்திருக்கின்றன என்று கொள்வோம். நூறு நொடிகளில் அந்தத் துகளில் சுமார் 50 எலெக்ட்ரான்கள் ஏறிவிடும். ஒரே குறி கொண்ட அயனிகள் ஒன்றையொன்று தள்ளுவதால் அறைக்குள் தானாகவே ஒரு மின்புலம் எழும். சுவரருகே அது சராசரியாக மீட்டருக்கு 900 வோல்ட். இந்தப் புலம் துகளைச் சுவரை நோக்கித் தள்ளும் விசை, புவியீர்ப்பு விசையைப் போல் ஒன்றரை மடங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புவியீர்ப்பே அந்தத் துகளை நாள் முழுவதும் அலையவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது. மொத்தத்தில் கிடைக்கும் பயன், அந்த அறையின் காற்றை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுவதற்குச் சமம்.

அயனிச் செறிவைப் பத்து லட்சமாக உயர்த்தினால் கதை மாறுகிறது. துகளேற்கும் மின்னூட்டமும் கூடும், அறையின் மின்புலமும் பத்து மடங்காகும். பயன், மணிக்கு ஐந்து முறை காற்று மாற்றியதற்கு நிகராக உயரும். இது நல்ல காற்றோட்டம். செறிவைப் பத்தாயிரமாகக் குறைத்தாலோ, பயன் மணிக்கு 0.02 காற்றுமாற்றம் என்ற அளவுக்குச் சுருங்குகிறது. கதவை ஒருமுறை திறந்து மூடினால் அதைவிட அதிகக் காற்று மாறும். காற்றால் பரவும் நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் புதிய அறைகளுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைப்பது மணிக்கு 12 காற்றுமாற்றம் என்பதை இங்கே ஒப்புநோக்கலாம்.

கணக்கு தோராயமானதே. கிருமி ஏற்கெனவே சுமந்திருக்கும் மின்னூட்டம், அறையின் தூசி, மின்விசிறி எல்லாம் அதை மாற்றும். தூசி மிகுந்த அறையில் அயனிகள் தூசிக்கே செலவாகிவிடும். ஆனால் பத்தாயிரத்துக்கும் பத்து லட்சத்துக்கும் இடையே பயன் நூறு மடங்குக்கும் மேல் வேறுபடுகிறது என்ற உண்மை மாறாது. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதன் ரகசியமும் இதுவே. சிறிய அடைப்புக்குள் வலுவான அயனியாக்கியை வைத்தவர்கள் வெற்றி கண்டார்கள். பெரிய கூடத்தில் மெலிந்த அயனியாக்கியை வைத்தவர்கள் எதையும் காணவில்லை.

6. களச் சான்றுகள்

6.1 கோழிப்பண்ணை

அமெரிக்க வேளாண்துறையின் ஜார்ஜியா மாநில ஏதென்ஸ் ஆய்வகத்தில் 1990களில் பெய்லி மிட்சலும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய கோழி ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. 1994இல் நியூகாசில் நோய் வைரஸ் குறித்தும், 1999இல் சால்மொனெல்லா என்டெரிடிடிஸ் குறித்தும் கட்டுரைகள் வந்தன. நோயுற்ற குஞ்சுகளிடமிருந்து காற்றின் வழியாக மட்டுமே நலமுள்ள குஞ்சுகளுக்கு நோய் போகும்படி அடைப்புகளை அமைத்தார்கள். எதிரயனிகளை நிறைத்த அடைப்பில் பரவல் கணிசமாகக் குறைந்தது. குஞ்சு பொரிக்கும் அறையிலும் கோழிக்கூடத்திலும் பறக்கும் இறகுத்தூசிதான் கிருமியின் வாகனம். அந்தத் தூசியை எதிரயனிகள் சுவரிலும் தரையிலும் ஒட்டவைத்துவிடுகின்றன. அயனியாக்கம் உண்மையிலேயே தன் வேலையைச் செய்யத்தக்க இடம் இது: தூசி அதிகம், அடைப்பு சிறிது, நாள் முடிந்ததும் கழுவிவிடலாம்.

6.2 லீட்ஸ் தீவிர சிகிச்சைப் பிரிவு

கெவின் கெர், கிளைவ் பெக்ஸ் முதலானோர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு எதிரயனியாக்கிகளைப் பொருத்தி, முதல் ஐந்து மாதங்கள் இயக்காமல் வைத்து, பிறகு இயக்கினர். முடிவுகள் 2006இல் வெளிவந்தன. அசினெட்டோபாக்டர் தொற்றிய நோயாளிகள் 11 பேரிலிருந்து 2 பேராகக் குறைந்தனர். ஆனால் மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் குறையவில்லை.

அயனி கிருமியைக் கொல்கிறது என்றால் இரண்டும் குறைந்திருக்க வேண்டும். லீட்ஸ் குழு 2010இல் வேறொரு விளக்கத்தைத் தேடிப் போனது. மருத்துவமனையின் செயற்கைச் சுவாசக் குழாய், முகமூடி போன்ற பிளாஸ்டிக் பொருள்களில் இயல்பாக ஏறும் நிலைமின்னூட்டத்தை அயனியாக்கி மாற்றிவிடுகிறது. அதனால் சில கிருமிகள் அப்பொருள்களில் படிவது குறையலாம். கிருமி சாகவில்லை, நோயாளியின் குழாயில் படியாமல் வேறெங்கோ போய்ப் படிந்தது என்பதே இதன் பொருள். ஸ்டாஃபிலோகாக்கஸ் மாறாததும் இதோடு ஒத்துப்போகிறது. கனத்த தோற்செதிளில் வரும் அது காற்றைவிடக் கைகளின் வழியாகவே அதிகம் பரவுகிறது. ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊரில் பிளாஸ்டிக்கில் நிலைமின்னூட்டம் நெடுநேரம் நிற்காது. எனவே லீட்ஸில் கண்ட இந்தப் பயனை அங்கே அப்படியே எதிர்பார்ப்பதற்கில்லை.

6.3 லிமா

இத்துறையின் மிக உறுதியான சான்று பெருவின் தலைநகர் லிமாவிலிருந்து வந்தது. ராட் எஸ்கோம்ப் தலைமையில் நடந்த இந்த ஆய்வு 2009இல் வெளியானது. 1950களில் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலியும் வில்லியம் வெல்ஸும் காசநோய் காற்றால் பரவுகிறது என்பதை நிறுவக் கையாண்ட முறையே இங்கும் பயன்பட்டது. காசநோய்ப் பிரிவின் வெளியேற்றக் காற்றை மேல்மாடியில் வளரும் கினிப்பன்றிகளின் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரே ஒரு துளியெச்சமே கினிப்பன்றிக்குத் தொற்றை உண்டாக்கப் போதும். மனிதனால் அளக்க முடியாத அளவு மெல்லிய தொற்றையும் அது காட்டிக் கொடுக்கும்.

535 நாட்கள் இடைவிடாமல் இது நடந்தது. எந்தத் தடுப்பும் இல்லாத கூடத்தில் 35 விழுக்காடு கினிப்பன்றிகளுக்குத் தொற்று ஏற்பட்டது. எதிரயனியாக்கிகள் இயங்கிய கூடத்தில் 14 விழுக்காடு. நோயாளிகளின் அறையில் மேற்கூரையருகே புறஊதா விளக்குகள் எரிந்த நாட்களின் காற்றைச் சுவாசித்த குழுவில் 9.5 விழுக்காடு. ஒவ்வொரு குழுவிலும் முந்நூறுக்கும் மேற்பட்ட விலங்குகள் இருந்ததால் இது தற்செயல் அன்று. அயனியாக்கம் காசநோய்ப் பரவலைப் பாதிக்கும் மேலாகக் குறைத்தது என்பதை எந்த ஐயவாதியும் ஏற்றாக வேண்டும், நானும் ஏற்கிறேன்.

ஆனால் எங்கே என்பதைக் கவனிக்க வேண்டும். அயனியாக்கிகள் இருந்தது விலங்குகளின் அடைப்புக்குள். நோயாளிகள் படுத்திருந்த கூடத்தில் அல்ல. மேலே போட்ட கணக்கில் பத்து லட்சத்தின் பக்கம் நிற்கும் ஏற்பாடு அது. புறஊதா விளக்கோ மனிதர் படுத்திருந்த அறையிலேயே சோதனைக்குள்ளாகி, கூடுதல் பயன் தந்தது.

7. இருமுனை அயனியாக்கம்

2020இல் பெருந்தொற்று வந்ததும் குளிர்சாதனக் குழாய்க்குள் பொருத்தும் இருமுனை அயனியாக்கிகள் உலகெங்கும் மும்முரமாக விற்பனையாயின. நேரயனியும் எதிரயனியும் சம அளவில் வெளிவரும். இரண்டும் சேர்ந்து வைரஸை அழிக்கும் என்பது வாக்குறுதி. இயற்பியல் இந்த ஏற்பாட்டுக்குச் சாதகமாக இல்லை. இரண்டு குறிகளும் சமமாக இருந்தால் அறையில் மின்புலம் எழாது. துகளைச் சுவருக்குத் தள்ளும் விசையே இல்லாமல் போகும். எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி விழும் என்ற மாற்று விளக்கம், சாதாரண அறைக்காற்றில் துகள்கள் அத்தனை நெருக்கமாக இல்லாததால் பலிப்பதில்லை. குழாயைத் தாண்டி அறைக்கு வந்துசேரும்போது மிஞ்சும் செறிவும் ஆயிரங்களில்தான்.

விளம்பரத்துக்குப் பயன்பட்ட சோதனைகள் பல சிறிய மூடிய பெட்டிகளுக்குள் நடந்தவை. விமான நிறுவனமான போயிங் 2021இல் தன் சோதனைகளை வெளியிட்டபோது, உற்பத்தியாளர்கள் சொன்ன பயன்களை அவற்றில் காண முடியவில்லை. அதே ஆண்டு இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்களும் உடன் ஆய்வாளர்களும் குழாய்வழி அயனியாக்கி ஒன்றை ஆராய்ந்தனர். துகள் அளவில் மாற்றம் சொற்பம். சைலீன் போன்ற சில கரிம வாயுக்கள் குறைந்தன. அசிட்டோன், எத்தனால் போன்றவை கூடின. காற்று தூய்மையாகவில்லை, அதன் கலவை மாறியது. அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் கழகமான ஆஷ்ரே இந்தத் தொழில்நுட்பத்துக்குப் போதிய கறாரான சான்று இல்லை என்று எழுத்திலேயே சொன்னது. அதற்குள் பல பள்ளிகள் பெருந்தொற்று நிவாரணப் பணத்தைச் செலவிட்டு முடித்திருந்தன.

8. பக்கவிளைவு

ஓசோன் கிருமிக்கு எதிரி என்றால் நுரையீரலுக்கும் எதிரிதான். கலிஃபோர்னியா மாநிலம், உள்ளறைக் காற்றுத் தூய்மிப்பான்கள் வெளியிடும் ஓசோனுக்குப் பத்து லட்சத்தில் 0.05 பங்கு என்று சட்டப்படி வரம்பு வைத்திருக்கிறது. கிருமியை விரைந்து கொல்ல வேண்டிய ஓசோன் அளவு இந்த வரம்பைத் தாண்டிப் பன்மடங்கு மேலே இருக்கிறது. மனிதர் இருக்கும் அறையில் ஓசோனை நம்பிக் கிருமியைக் கொல்லும் திட்டம் இங்கேயே அடிபட்டுப் போகிறது. போதாக்குறைக்கு, எலுமிச்சை அல்லது பைன் வாசனையுள்ள தரைத் திரவத்தால் துடைத்த அறையில் ஓசோன் கலந்தால், அந்த வாசனைப் பொருள்களோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடும் மீநுண் துகள்களும் உண்டாகும்.

மற்றொன்று படிவு. அயனியாக்கிக்குப் பின்னாலுள்ள சுவர் சில மாதங்களில் கறுத்துப்போவதை அதை வைத்திருக்கும் எவரும் பார்த்திருப்பார்கள். அந்தக் கறுப்பில் கிருமியும் இருக்கிறது. அசினெட்டோபாக்டரும் ஸ்டாஃபிலோகாக்கஸும் உலர்ந்த பரப்பில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியவை. அடிக்கடி துடைக்கப்படாத அறையில் அயனியாக்கியை வைப்பது, காற்றின் கடனைச் சுவரின் பேரில் எழுதி வைப்பதுதான்.

9. மதிப்பீடு

அயனியாக்கியை முற்றிலும் தள்ளிவிட வேண்டும் என்பது இந்த ஆய்வின் முடிவு அன்று. கோழிக் குஞ்சு பொரிப்பகம், விலங்கு ஆய்வுக்கூடம், நாள்தோறும் கழுவப்படும் சிறிய அடைப்பு ஆகியவற்றில், ஒற்றைக்குறி அயனிகளைச் செறிவாக உமிழ்ந்து ஓசோனை வரம்புக்குள் வைக்கும் கருவி பயன் தரும். அதை வாங்குபவர் கேட்க வேண்டியவை: ஆள் மூச்சுவிடும் உயரத்தில் அயனிச் செறிவு எவ்வளவு, அதே இடத்தில் ஓசோன் எவ்வளவு, சோதனை நடந்த அறையின் பருமன் எவ்வளவு, கிருமி குறைந்ததாகச் சொல்வது காற்றிலா, பரப்பிலா, இரண்டிலுமா. இவற்றுக்கு விடை தராத விற்பனையாளரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் குழாய்வழி இருமுனை அயனியாக்கி வேண்டியதில்லை.

காசநோயைப் பொறுத்தவரை வரிசை வேறு. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும், சானடோரியத்தில் சேர்த்த நோயாளியைப் போலவே குணமாகிறார் என்பதையும், அதனால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுவதில்லை என்பதையும் 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் மருந்தாய்வு மையம் உலகுக்குக் காட்டியது. தக்க மருந்து உள்ளே போனதும் நோயாளியின் இருமல் தொற்றும் ஆற்றலை விரைவில் இழக்கிறது. அதற்கு ஈடான காற்றுச் சுத்திகரிப்பு எதுவும் இன்றுவரை வரவில்லை.

அடுத்தது காற்றோட்டம். லிமாவில் அயனியாக்கியைச் சோதித்த அதே எஸ்கோம்ப், அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2007இல், அந்நகர மருத்துவமனைகளின் சன்னல்களை ஆராய்ந்து எழுதியிருந்தார். சன்னலும் கதவும் திறந்திருந்த அறைகளில் காற்று மணிக்கு 28 முறை மாறியது. இயந்திரக் காற்றோட்டம் கொண்ட தனிமை அறைகளில் 12 முறை. உயர்ந்த கூரையும் அகன்ற சன்னலும் கொண்ட ஐம்பது ஆண்டுப் பழைய கட்டடங்களில் 40 முறை. புதிய கட்டடங்களில் 17 முறை. இந்த எண்களை, பத்து லட்சம் அயனிகளை நிறைத்தும் கிடைக்கும் ஐந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அயனியாக்கி வாங்கக் கோப்பு தயாரிக்கும் மருத்துவமனை நிர்வாகிகள், அதில் கையெழுத்திடும் முன், புறநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் குளிர்சாதனத்துக்காக அடைத்துவைத்த சன்னல்களைத் திறந்துவிட ஆளனுப்ப வேண்டும்.